மலாவிக்கு மூன்று வார மிஷன் பயணம்: அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

நெல்லைச்சாரல் (ஏப்ரல் 6)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஒன்பது பேர் ஜூலை மாதம் ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவிக்குப் போகலாம் என்று ஜெபித்து வருகிறோம். நாட்டின் தெற்கே, முலாஞ்சே மலையைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு மிஷன் மருத்துவமனையில் மூன்று வாரம் தங்கல். எங்களில் இரண்டு பேர் நர்ஸ், ஒருவர் எலக்ட்ரீஷியன், ஒரு தையல்கார அக்கா, மற்றவர்கள் காலேஜ் முடித்தவர்கள். யாரும் இதுவரை கடல் தாண்டியதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை அங்கே என்ன நடக்கும், என்ன சாப்பிடுவோம், எங்களால் உண்மையிலேயே பயன் உண்டா? கூட்டத்தில் பேசுகிற சாட்சி மாதிரி வேண்டாம், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

கருவேலமரம் (ஏப்ரல் 6)

தம்பி, முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெரும்பாலும் எத்தியோப்பியாவோ கென்யாவோ வழியாகத்தான் டிக்கெட் கிடைக்கும், அப்படி வந்தால் திரும்பி நம் நாட்டில் இறங்கும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடலாம். சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். அப்புறம் ஸ்வெட்டர். ஜூலை அங்கே குளிர்காலம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து நான் மெல்லிய சட்டையாக அடுக்கிக்கொண்டு போனேன். சிபெரோனி என்று ஒரு சாரல் மூன்று நாள், நான்கு நாள் விடாமல் மலையைச் சுற்றி நிற்கும், எலும்புக்குள் போகும் குளிர். பிளக் பாயிண்ட் சதுர மூன்று முனை, இங்கிலாந்தில் உள்ளது போல. அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெண்தொப்பி (ஏப்ரல் 7)

நான் தெற்கு மலாவியில் வேறொரு மிஷன் மருத்துவமனையில் இரண்டு வருடம் நர்ஸாக இருந்தேன். தம்பி ஒரு நாளைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை நாலரைக்கெல்லாம் கார்டியன் கொட்டகையில் புகை எழும்பிவிடும். கார்டியன் என்றால் நோயாளிக்குத் துணையாக வந்திருக்கும் அம்மா, அக்கா, பாட்டி யாராவது. நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சுவது, துணி துவைப்பது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அவர்கள் வேலைதான். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து சட்டி, சோள மாவு, விறகு, பாய் எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். மூன்று கல் வைத்து அடுப்பு. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரி வாசலில் சொந்தக்காரர்கள் டிபன் கேரியரோடு காத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அதையே ஒரு முழு ஏற்பாடாக ஆக்கியது போல. மருத்துவமனைக்குள் முதலில் பழக வேண்டியது டாக்டர்களிடம் இல்லை, இந்தப் பெண்களிடம். எந்த நோயாளி ராத்திரி தூங்கவில்லை, யார் மருந்தைத் துப்பினார், யார் வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஏழரைக்கு எல்லா ஊழியர்களும் கூடி ஜெபம். பாட்டுப் புத்தகம் எடுக்கமாட்டார்கள், ஹார்மோனியம் கிடையாது, ஒருவர் ஆரம்பித்ததும் நான்கு குரலில் பிரிந்து பாடுவார்கள். முதல் வாரம் நான் வெறுமனே நின்று கேட்டேன், எனக்குக் கண் கலங்கியது. அதற்குப் பிறகு இரவு ரிப்போர்ட், வார்டு ரவுண்ட்.

நோயாளிகள் ஒவ்வொருவர் கையிலும் ஹெல்த் பாஸ்போர்ட் என்று ஒரு சின்ன நோட்டு இருக்கும். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, இடுப்பில் கட்டும் சிடென்ஜே துணி மடிப்பில் செருகி வைத்திருப்பார்கள். தடுப்பூசி, பிரசவம், மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல், எல்லாம் அதில்தான். நோட்டு நனைந்துபோய் ஒரு அம்மா அழுததைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் ஒரு பெண் தன் உடம்பின் கதை முழுவதையும் தன் கையில் வைத்திருக்கிறாள், அதை நான் அங்கேதான் கற்றேன்.

மதியம் ந்ஸிமா. வெள்ளைச் சோள மாவைக் கிண்டிய களி, நம் கேப்பைக் களி சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இரண்டு நாளில் பிடித்துவிடும். தொட்டுக்கொள்ளக் கீரை, பீன்ஸ், இல்லையென்றால் உசிபா. உசிபா என்பது மலாவி ஏரியில் பிடிக்கிற பொடி மீன், காயவைத்து வறுத்தால் நெத்திலிக் கருவாடேதான். சாப்பிடுவதற்கு முன் ஒருவர் செம்பில் தண்ணீர் ஊற்ற, ஒவ்வொருவராகக் கை கழுவ வேண்டும். அந்த நேரம் அவசரப்படக் கூடாது.

கரண்ட் போகும். தண்ணீர் மோட்டாரும் அதோடு போகும். எனவே கரண்ட் இருக்கும்போதே வாளிகளை நிரப்பி வைப்பது தங்கும் எல்லோருடைய கடமை. ஜூலையில் மாலை ஐந்தரைக்கு இருட்ட ஆரம்பிக்கும். ஆறரைக்குக் கொசுவலைக்குள் போனால்கூட யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

மலேரியா மாத்திரையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர் குடித்துப் போட வேண்டும், போட்டதும் படுக்கக் கூடாது, திரும்பி வந்தும் நான்கு வாரம் தொடர வேண்டும். நம்மவர்கள் ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. ஏரியில் குளிக்கிற ஆசை இருந்தால் பில்ஹார்சியா என்கிற, ஏரித் தண்ணீரில் தொற்றும் புழு நோயைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உங்கள் குழுவில் இருக்கும் நர்ஸ்கள் அங்கே போனதும் ஊசி போட முடியாது. அந்த நாட்டு நர்ஸிங் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வேண்டும். இங்கிருந்து மருந்து கொண்டுபோவதற்கும் அனுமதி வேண்டும்.

கேள்விக்குறி (ஏப்ரல் 8)

யாரையும் புண்படுத்த எழுதவில்லை, நானும் சபையில் வளர்ந்தவன்தான். டிக்கெட், விசா, ஊசி எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். ஒன்பது பேருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். அந்தப் பணத்தை அனுப்பினால் அந்த மருத்துவமனை என்னென்ன வாங்கும்? அதுவும் மலாவியில் நான்கில் மூன்று பேருக்கு மேல் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். யாருக்குப் போய் என்ன சொல்லப்போகிறீர்கள்? நம் ஊருக்கு வந்த கால்டுவெல் இடையன்குடியில் ஐம்பது வருடம் இருந்தார், தமிழைக் கற்றார், இலக்கணம் எழுதினார். அது ஊழியம். மூன்று வாரம் போய் போட்டோ எடுத்து வருவதற்கு வேறு பெயர் வைக்கலாம்.

நெல்லைச்சாரல் (ஏப்ரல் 8)

அண்ணாச்சி, வருத்தமாக இருந்தாலும் நீங்கள் கேட்டது எங்களுக்குள்ளும் இருக்கிற கேள்விதான். அதனால்தான் இங்கே வந்து கேட்டேன். யாராவது பதில் சொன்னால் நான் அப்படியே குழுவில் வாசிக்கிறேன்.

பிளான்டயர்வாசி (ஏப்ரல் 9)

நான் மதுரைக்காரன், தெற்கு மலாவியில் உள்ள பிளான்டயர் நகரத்தில் கணக்கு வேலையில் ஏழு வருடமாக இருக்கிறேன். இந்த ஊருக்கே மிஷனரி லிவிங்ஸ்டன் பிறந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயர்தான். மிஷன் வளாகத்தில் செயின்ட் மைக்கேல் என்று ஒரு செங்கல் கோவில் இருக்கிறது, 1888-ல் தொடங்கி 1891-ல் முடித்தார்கள். கட்டிய மிஷனரி கட்டடக்கலை படிக்காதவர், உள்ளூர் ஆட்களோடு அங்கேயே செங்கல் சுட்டுக் கட்டியது. வந்தால் கட்டாயம் பாருங்கள். இங்குள்ள பெரிய சபையான சி.சி.ஏ.பி. (மத்திய ஆப்பிரிக்க பிரஸ்பிடேரியன் சபை) ஸ்காட்லாந்து மிஷன்கள் இணைந்து 1924-ல் உருவானது. நம் சி.எஸ்.ஐ. 1947. ஆக இவர்கள் நமக்கு மூத்த சகோதரர்கள், அந்த மரியாதையோடு வாருங்கள்.

வணக்கம் சொல்லத் தெரியாமல் இங்கே ஒரு வேலையும் நடக்காது. காலையில் 'ம்வாட்ஸுகா ப்வாஞ்சி', எப்படி விழித்தீர்கள் என்று அர்த்தம். அவர் பதில் சொல்லித் திரும்ப உங்களைக் கேட்பார், நீங்கள் பதில் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் விஷயம். நன்றிக்கு ஸிகோமோ. அடுத்தவருக்குக் கஷ்டம் என்றால் பேபானி, நம் 'ஐயோ பாவம்' மாதிரியும் இருக்கும், மன்னிப்பாகவும் இருக்கும். வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டாமல் 'ஓடி!' என்று குரல் கொடுங்கள். பெரியவர்களில் ஆண்களை அபாம்போ, பெண்களை அமாயி என்று அழைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த கோயம்புத்தூர் பாட்டி ஒருவர் அமாயி என்பதைக் கேட்டு, 'நம்ம அம்மாயிதானே' என்று சந்தோஷப்பட்டார்.

ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரம் போகும். பாடகர் குழு ஒன்று முடித்தால் அடுத்தது எழும்பும். ம்வானோ என்கிற பெண்கள் சங்கத்தார் சீருடையில் முன்னால் உட்காருவார்கள். காணிக்கைப் பையை வரிசையில் அனுப்பமாட்டார்கள், எல்லோரும் ஆடிக்கொண்டே முன்னால் போய்ப் போடுவார்கள். நீங்களும் எழுந்து போக வேண்டியதுதான்.

முலாஞ்சே பக்கம் முழுக்கத் தேயிலைத் தோட்டம். வால்பாறை மாதிரியே இருக்கும். நடுவில் சுவர் போல மலை, சபிட்வா சிகரம் 3,002 மீட்டர்.

ஜூன்மழை (ஏப்ரல் 10)

நான் வேறு ஆப்பிரிக்க நாட்டுக்குப் போயிருந்தேன், ஆனாலும் இதைச் சொல்ல வேண்டும். நாங்கள் பை நிறைய மிட்டாய் கொண்டுபோனோம். கிராமத்தில் பிள்ளைகளைக் கண்டதும் ஒரு கைப்பிடி எடுத்து நீட்டினேன். பத்துப் பேர் இருந்த இடத்தில் இரண்டு நிமிடத்தில் நூறு பேர். பெரிய பையன்கள் தள்ள, நான்கு வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தை கீழே விழுந்து உதடு கிழிந்தது. அவளுடைய அம்மா வந்து தூக்கிக்கொண்டு என்னை ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. கொடுக்க ஏதாவது இருந்தால் பள்ளித் தலைமையாசிரியரிடமோ சபை மூப்பரிடமோ கொடுத்துவிடுங்கள், அவர்கள் பங்கிடட்டும். வார்டில் படுத்திருப்பவர்களையும் பிள்ளைகளையும் போட்டோ எடுக்காதீர்கள். நம் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வெளிநாட்டுக்காரர் வந்து படம் எடுத்தால் விடுவோமா?

வெண்தொப்பி (ஏப்ரல் 11)

கேள்விக்குறி அண்ணாச்சிக்கு. நீங்கள் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். நான் இருந்த இடத்துக்கு வந்த குழுக்களில் சிலது எங்களுக்குச் சுமையாகத்தான் இருந்தது. அவர்களுக்குச் சமைக்க ஒரு ஆள், வண்டி ஓட்ட ஒரு ஆள், மொழிபெயர்க்க வார்டிலிருந்து ஒரு நர்ஸை எடுத்துவிடுவார்கள். அந்த வாரம் வார்டில் ஆள் குறையும். உள்ளூர் கொத்தனார் செய்யக்கூடிய வேலையை இவர்கள் செய்து, அவருக்குக் கூலி போகாமல் செய்ததும் நடந்தது.

ஆனால் கையில் தொழில் உள்ள ஒருவர் வந்து, அங்கே அதே தொழில் செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நிலைமை வேறு. ஒரு முறை லேப் டெக்னீஷியன் ஒருவர் தனியாக வந்தார். வகுப்பு எடுக்கவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. எங்கள் லேப் பையனோடு மூன்று வாரம் ஒரே பெஞ்சில் மைக்ராஸ்கோப் பார்த்தார். அவர் போன பிறகும் அந்தப் பையன் ஸ்லைடு பார்க்கிற விதம் மாறியிருந்தது. அவரும் நிறையக் கற்றுக்கொண்டு போனார், மலேரியா ஸ்லைடு நம்மைவிட அவர்கள் பத்து மடங்கு பார்த்திருப்பார்கள்.

ஆகவே தம்பி, போகலாமா என்று எங்களைக் கேட்காதே. மருத்துவமனைக்குக் கடிதம் எழுது. எங்களிடம் இருக்கும் தொழில் இவை, இதில் உங்களுக்கு எது தேவை, எத்தனை பேர் வந்தால் உங்களால் தாங்க முடியும், யாரும் வேண்டாம் என்றாலும் வருத்தப்படமாட்டோம் என்று தெளிவாக எழுது. கடைசி வரியை விட்டுவிடாதே. அதை எழுதாவிட்டால் அவர்கள் மரியாதைக்கு எல்லோரும் வாருங்கள் என்றுதான் சொல்வார்கள்.

கேள்விக்குறி (ஏப்ரல் 11)

சிஸ்டர், இது எனக்குச் சரியாகப் படுகிறது. பதில் வந்தால் தம்பி இங்கே போடட்டும்.

நெல்லைச்சாரல் (மே 2)

பதில் வந்தது. விருந்தினர் வீட்டில் நான்கு கட்டில்தான் இருக்கிறதாம். தையல் தெரிந்தவரும் எலக்ட்ரீஷியனும் கட்டாயம் வேண்டும், நர்ஸ் ஒருவர் வந்தால் பதிவுக்கான காகிதங்களை அவர்களே சொல்கிறார்கள், கூட ஒருவர் வரலாம். மருந்து வேண்டாம். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் மெஷினுக்கு ஸ்டெபிலைசர் வாங்க உதவ முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

குழுவில் வாசித்தேன். பெயர் கொடுத்திருந்த ஐந்து பேர் போகவில்லை என்று ஆயிற்று. அழுகை, கோபம் எல்லாம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. எங்கள் சபை ஐயர் (போதகர்) வந்து பேசினார். இரண்டு வாரம் கழித்து அந்த ஐந்து பேரே, தங்கள் டிக்கெட்டுக்குச் சேர்த்திருந்ததில் பெரும்பங்கை ஸ்டெபிலைசருக்குக் கொடுக்கிறோம் என்றார்கள். அங்கேயே பிளான்டயரில் வாங்கிவிடச் சொல்லிப் பணத்தை அனுப்பிவிட்டோம்.

நெல்லைச்சாரல் (ஆகஸ்ட் 5)

திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன்.

சாரலைப் பற்றிக் கருவேலமரம் அண்ணாச்சி சொன்னது அப்படியே நடந்தது. முதல் ஐந்து நாளும் மலையைப் பார்க்கவே இல்லை. ஆறாவது நாள் காலையில் கதவைத் திறந்தால் முன்னால் நிற்கிறது, எங்கள் ஊர்ப் பக்கம் பொதிகையைப் பார்த்து வளர்ந்தவனுக்கே மூச்சு நின்றது.

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் அங்குள்ள டெக்னீஷியனோடு பொருட்கள் அறைக்குள் போனார், மதியச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார். ஓரமாக வைத்திருந்த கான்சென்ட்ரேட்டர்களில் சிலவற்றில் ஃபில்டர் அடைத்திருந்தது, சிலது வோல்டேஜ் ஏறி இறங்கியதில் போர்டு போனது. ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றில் மாட்டி நான்கை ஓட வைத்தார்கள். அந்த டெக்னீஷியனுக்கு வேலை நன்றாகவே தெரியும், ஆனால் முழு மருத்துவமனைக்கும் அவர் ஒருவர்தான், ஜெனரேட்டரும் அவர் பொறுப்பு, தண்ணீர் மோட்டாரும் அவர் பொறுப்பு. அண்ணன் அவருக்கு இரண்டாவது ஜோடிக் கை மாதிரி இருந்தார், அவ்வளவுதான், ஆனால் அந்த மூன்று வாரத்துக்கு அது பெரிய விஷயம்.

நான் எங்கே தேவையோ அங்கே வாளி தூக்கினேன். உண்மையாகவே வாளிதான். காலையில் இருபது, சாயங்காலம் இருபது. கார்டியன் கொட்டகைக்குத் தண்ணீர் கொண்டுபோனதால் அங்கிருந்த அமாயிகளுக்கு என்னைத் தெரிந்துவிட்டது, நான் பேசுகிற சிச்சேவா மொழியைத் திருத்துவது அவர்களுக்கு மாலை நேரப் பொழுதுபோக்காகிவிட்டது.

இப்போது தையல்கார அக்கா. அவருக்கு ஐம்பத்து நாலு வயசு, எட்டாம் வகுப்பு, ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது, வருவதற்கே தயங்கினார். அங்கே வராந்தாவைக் கோண்டே என்கிறார்கள். மருத்துவமனையின் தையல்காரர் கோண்டேயில் பழைய கால்மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார், அறுபது வயசுக்காரர், அவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான். முதல் நாள் கிழிந்த படுக்கை விரிப்புகள் ஒரு மலை. அக்கா பக்கத்து மெஷினில் உட்கார்ந்து, பெல்ட் அறுந்திருப்பதைப் பார்த்து நிமிர்ந்தார். அபாம்போ எழுந்து போய் சைக்கிள் டியூப்பை ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி, முடிச்சுப் போட்டுச் சக்கரத்தில் மாட்டி, மிதித்துக் காட்டினார். ஓடியது. அக்கா கைதட்டிவிட்டார்.

இரண்டாவது வாரம் குறைமாதக் குழந்தைகள் வார்டு சிஸ்டர் வந்து குல்லா கேட்டார். அங்கே இன்குபேட்டரை நம்பி இருக்க முடியாது. குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் சேர்த்துச் சிடென்ஜேயால் கட்டிவிடுவார்கள், கங்காரு முறை. வெளியே தெரிவது தலை மட்டும், ஜூலைக் குளிரில் சூடு போவது அந்த வழியாகத்தான். அக்கா வார்டுக்குள் போய் நூல்துண்டால் ஒரு குழந்தையின் தலையை அளந்தார். ஒரு ஆரஞ்சுப் பழ அளவு. அந்த நூலை வெளியே கொண்டுவந்து அபாம்போவிடம் காட்டினார், இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் அந்த நூலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய ஃபிளானல் உள்ளே, சிடென்ஜே வெளியே என்று வைத்து, தையல் குழந்தையின் தோலில் படாதபடி வெளிப்பக்கம் மடித்தார் அக்கா. காதுக்குக் கீழே நாடா வைத்தது அபாம்போவின் யோசனை. நாங்கள் கிளம்பும்போது நூற்றுப் பத்து குல்லா முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக்கு அக்கா தயங்கியபடி எழுந்தார். முன்னால் இருந்த ஒரு ம்வானோ அமாயி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் ஊர் அசனத்தில் பந்தி பரிமாறும்போது அக்காவின் முகத்தில் ஒரு மலர்ச்சி இருக்கும், அதே முகத்தை அங்கே பார்த்தேன்.

கேள்விக்குறி அண்ணாச்சி கேட்ட 'யாருக்குப் போய் என்ன சொல்லப்போகிறீர்கள்' என்பதற்கு: நாங்கள் எதுவும் சொல்லவில்லை. காலை ஜெபத்தில் ஒரு நாள் தமிழில் பாடச் சொன்னார்கள், ஒரு கீர்த்தனை பாடினோம், இரண்டாவது முறை அவர்கள் அதற்கு நான்கு குரல் சேர்த்துவிட்டார்கள். மற்றபடி சொல்ல வேண்டியதெல்லாம் அவர்கள்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் பொய். ஒரு இரவு கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமாகி, ஒரு குழந்தை தவறிவிட்டது. அந்தப் பாட்டி விடியும்வரை கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். மற்ற கார்டியன்கள் தங்கள் பாயை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள், யாரும் ஆறுதல் வார்த்தை என்று எதுவும் சொல்லவில்லை, நடுநடுவே மெதுவாகப் பாடினார்கள். நான் பேபானி, அகோகோ (பாட்டி) என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை தெரியவில்லை, தமிழில்கூட.

கேள்விக்குறி (ஆகஸ்ட் 5)

தம்பி, முழுவதும் வாசித்தேன். அடுத்த ஸ்டெபிலைசருக்கு என் பங்கையும் சேர்த்துக்கொள். விவரம் தனிச்செய்தியில் அனுப்பு.

வெண்தொப்பி (ஆகஸ்ட் 6)

மாத்திரையை நிறுத்திவிடவில்லையே? நான்கு பேரிடமும் கேட்டுச் சொல். அப்புறம் அந்தக் குல்லா அளவை வரைந்து இங்கே போடு, எங்கள் ஊர்ப் பிரசவ வார்டுக்கும் வேண்டும்.

நெல்லைச்சாரல் (ஆகஸ்ட் 6)

இன்னும் தினமும் போடுகிறோம் அக்கா, ஞாபகப்படுத்துவது தையல்கார அக்காதான். அளவை அவரிடம் கேட்டு நாளைக்குப் போடுகிறேன், மூன்று அளவு இருக்கிறது.

ஒரு உதவி. அக்கா அபாம்போவுக்கென்று மெஷின் பெல்ட் நான்கு, ஊசி இரண்டு பாக்கெட், பாபின் பத்து வாங்கி வைத்திருக்கிறார். கால் கிலோ வராது. யாராவது அந்தப் பக்கம் போகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பிளான்டயர்வாசி (ஆகஸ்ட் 7)

நான் இப்போது லீவில் மதுரையில்தான் இருக்கிறேன், 24-ந் தேதி கிளம்புகிறேன். மாட்டுத்தாவணிக்கு வருகிற பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். முலாஞ்சே எனக்கு ஒன்றரை மணி நேரம்தான், நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.